சிவப்பு எழுத்தில் ஒரு வரி

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் பூச்சியியல் பேராசிரியருக்கு மூன்று கட்டுரைகள் எடுத்துக் கொடுத்தேன். மூன்றுமே சந்தா கட்டாமல் திறக்காத, பூட்டுப் போட்ட இதழ்கள். "உங்க கைக்கு எட்டாதது ஏதாவது இருக்கா?" என்றார். வேளாண் கல்லூரி நூலகத்தில் பதினாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. கேட்பவருக்கு வேண்டிய ஆய்வுக் கட்டுரை இணையத்தின் எந்த மூலையில் கிடந்தாலும் கொண்டுவந்து சேர்ப்பது. தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மதியம் அக்கா போன் செய்தாள். கழுத்தில் இருப்பது கெட்ட கட்டிதானாம். சின்னது, எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றாராம் டாக்டர். பக்கத்திலேயே குரலுக்கான நரம்பு ஓடுகிறது, நூற்றில் இரண்டு பேருக்கு அது அடிபடலாம் என்றும் சொன்னாராம். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிப் பிழைக்கிறவளிடம் போய் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்?

"டேய் மோப்பம், கத்தி வைக்காம ஏதாவது வழி இருக்கான்னு உன் கம்ப்யூட்டர்ல தேடிப் பாருடா" என்றாள். மோப்பம் என்பது அவள் எனக்கு வைத்த பட்டப்பெயர். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அக்கா பயந்தாலும் சிரிப்பாள்.

பிப்ரவரி 13, வியாழன்

கிடைத்துவிட்டது!

இதே வகைக் கட்டி, கிட்டத்தட்ட இதே அளவு. இருநூற்றுப் பத்துப் பேருக்கு ஆறு மாதம் மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேருக்குச் சுருங்கியிருக்கிறது. அந்த இதழ் சந்தா கட்டாதவர்களுக்குத் திறக்காது என்று தெரியும். அதன் இணையப் பக்கத்தின் வாசலில் போய் நிற்பது வெட்டிவேலை. எழுதியவர்களின் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு பிரதி இருந்தது, நேராக அதை எடுத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. பூச்சிக்கும் மண்ணுக்கும் தேடித் தேடித் தேய்ந்த கை, இன்று சொந்த ரத்தத்துக்கு உதவியிருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

டாக்டரிடம் நானும் போனேன். கட்டுரையைப் புரட்டிப் பார்த்தார். "ஒரே ஒரு கட்டுரைய வச்சு முடிவெடுக்க முடியாதுங்க. நான் ஆபரேஷன்தான் சொல்வேன். மாத்திரைதான் வேணும்னா எழுதித் தரேன். முடிவு உங்களோடது."

வெளியே வந்ததும், "இவருக்கெல்லாம் படிக்க நேரமே இல்லக்கா" என்றேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். மாத்திரை என்று முடிவு.

மே 6, செவ்வாய்

அக்காவின் குரல் லேசாகக் கம்மியிருக்கிறது. சளியாக இருக்கும் என்றேன். எனக்கென்ன தெரியும்?

ஜூலை 4, வெள்ளி

ஸ்கேன் பார்த்தாகிவிட்டது. கட்டி இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. குரல்வளைக்குள்ளேயே இறங்கிவிட்டதாம். இனி குரல்வளையைச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். நரம்பு அடிபடுமா என்ற கேள்வியே இல்லை. பேச்சு போய்விடும். பிப்ரவரியில் நூற்றில் இரண்டு. இப்போது நூற்றுக்கு நூறு.

அக்கா வீட்டு மாமா ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கால்வாசிப் பேருக்குச் சுருங்கலன்னு போட்டிருந்துச்சே, அதுல நம்ம ஒண்ணு போல" என்றாள் அக்கா. எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு!

ஜூலை 9, புதன்

சுருங்காத அந்தக் கால்வாசிப் பேருக்கு அப்புறம் என்ன வைத்தியம் செய்தார்கள் என்று எழுதியவரையே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். பிரதியில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்குப் போனது திரும்பி வந்துவிட்டது. புது முகவரி கிடைக்குமா என்று, முதல் தடவையாக, இதழின் பக்கத்தைத் திறந்தேன்.

தலைப்புக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி. இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவுகளை நம்ப முடியாததால். நவம்பர் 28.

அந்த வரியைப் படிக்கச் சந்தா வேண்டாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் எடுத்த பிரதியில் அது இல்லை. பிரதிக்கு எப்படித் தெரியும்?

பதினோரு வாரம். நான் தேடுவதற்குப் பதினோரு வாரம் முன்னாடியே போட்டுட்டாங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அங்க போய்ப் பாத்திருந்தா — வெட்டிவேலையாம்! பாவி, பாவி.

ஜூலை 11, வெள்ளி

சொல்லவில்லை. ஆபரேஷன் முடியட்டும். இப்போது சொல்லி யாருக்கு என்ன லாபம்? இது அவளுக்காகவா, எனக்காகவா?

ஜூலை 15, செவ்வாய்

ரத்தப் பரிசோதனைக்கு அக்காவைக் கூட்டிப் போனேன். காத்திருக்கும் இடத்தில் ஒரு பெண் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல் கடை வைத்திருக்கிறாளாம், போன மாதம் இதே பெஞ்சில் பழக்கமாம். கழுத்தில் அதே கட்டி, சின்னது. வரும் திங்கட்கிழமை ஆபரேஷன்.

"உங்கக்கா குடுத்த பேப்பர எங்க வீட்டுக்காரர் படிச்சுட்டாருங்க. ஆறு மாசம் மாத்திரையிலயே பாக்கலாம்னு சொல்றாரு. தேதிய ரத்து பண்ணலாம்னுதான் வந்தோம். டாக்டர் இல்ல, நாளன்னைக்கு வரச் சொன்னாங்க."

அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். "இவன்தான் தேடி எடுத்தது. எனக்குக் குடுத்து வைக்கல, அவங்களுக்காவது சுருங்கட்டும்."

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 16, புதன்

சொல்லிவிட்டேன்.

அக்கா சாப்பாட்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இதழின் பக்கத்தை அச்செடுத்துப் போயிருந்தேன். அதை முன்னால் வைத்தேன்.

"அக்கா, அந்தக் கட்டுரை பொய். நான் எடுக்கறதுக்கு முன்னாடியே வாபஸ் வாங்கிட்டாங்க. நான் பாக்கல."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தேதியைப் படித்தாள். "நவம்பர்" என்றாள். விரல் விட்டு எண்ணினாள். "நீ குடுத்தது பிப்ரவரி."

"ஆமா."

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"போன புதன்கிழமை."

"ஒரு வாரமாவா?"

முதலில் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்கவில்லை. முகம் அப்படியே மாறிப்போயிற்று. "நேத்து அந்தம்மா முன்னாடி தலைய ஆட்டுனியேடா" என்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் போனை எடுத்துத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டாள். இருக்கிற கொஞ்சம் குரலை வைத்துக்கொண்டு, ரயில் வருவதைச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "நான் குடுத்த பேப்பர கிழிச்சுப் போட்டுடுங்க. அது தப்பு. என் தம்பிதான் கண்டுபிடிச்சுச் சொன்னான். திங்கட்கிழமை ஆபரேஷனுக்குப் போயிடுங்க. தள்ளிப் போடாதீங்க. சரி, உங்க வீட்டுக்காரர்ட்ட குடுங்க."

அவரிடமும் அதையே சொன்னாள். அந்தப் பேப்பரால்தான் தன் குரல் போகிறது என்பதையோ, நான் ஒரு வாரம் மறைத்ததையோ அவள் சொல்லவேயில்லை. போனை வைத்துவிட்டு, "கிளம்பு" என்றாள். என்னிடம் அவள் பேசிய கடைசிச் சொல்லாக அது இருந்துவிடக் கூடாது.

ஜூலை 24, வியாழன்

ஆபரேஷன் ஏழு மணி நேரம். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். காலையில் உள்ளே கொண்டுபோகும்போது மாமாவிடம் ஏதோ சொன்னாள், மகளிடம் சொன்னாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். என் பக்கம் திரும்பவில்லை.

"கிளம்பு" என்பதுதான் கடைசி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்தப் பல்கலைக்கழகத் தளத்துக்கு மூன்றாவது கடிதம். பிரதியின் மேலேயும் அறிவிப்பைப் போடுங்கள் என்று. "நன்றி, கவனிக்கிறோம்" என்று பதில் வந்தது. இன்னும் போடவில்லை. யாராவது இன்றைக்கும் எடுத்துக்கொண்டிருப்பார்கள், என்னைப் போல ஒரு கெட்டிக்காரன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். மடியில் ஒரு நோட்டு. மாமாவுக்கு எழுதுகிறாள், மகளுக்கு எழுதுகிறாள், பால்காரருக்குக்கூட எழுதிக் காட்டுகிறாள். தினமும் போகிறேன். எனக்கு மட்டும் எழுதவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

தையல்காரம்மா புருஷனோடு அக்காவைப் பார்க்க வந்தாள். கழுத்தில் மெல்லிய தழும்பு. முழுதாக எடுத்தாகிவிட்டதாம், குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். கடை, மகளின் பள்ளிக்கூடம், மாடி வீட்டுச் சண்டை. அக்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது என் முன்னால் வந்து நின்று கும்பிட்டாள். "நீங்க மட்டும் அன்னைக்குப் பாத்துச் சொல்லலன்னா என் கதி என்ன ஆயிருக்கும்!"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தாள். இரண்டு மாதத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது இன்றைக்குத்தான்.

அவர்கள் போன பிறகு நானும் செருப்பை மாட்டினேன். அக்கா மேசையைத் தட்டிக் கூப்பிட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி என் பக்கம் திருப்பினாள்.

"நாளைக்கு வரும்போது நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வா. கோடு போட்டது."

எத்தனை பக்கம் என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "இருக்கறதுலயே பெருசு" என்று எழுதினாள்.