மூன்றாவது கடையின் பெயர்

அன்புள்ள அண்ணனுக்கு,

புதுக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வந்தவர், "ரெகொபோத்துன்னா என்னம்மா?" என்று கேட்டார். பைபிளில் ஈசாக்கு கிணறு தோண்டிய கதையைச் சொன்னேன். முதல் கிணற்றுக்குச் சண்டை வந்தது. அதற்கு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம், என்று பெயர் வைத்தான். இரண்டாவதற்கும் வந்தது, அது சித்னா, பகை. மூன்றாவதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் ரெகொபோத், விசாலம்.

என்னுடைய முதல் இரண்டு தையல் கடைகளையும் உனக்கு வேண்டுமென்று நீ சண்டை போட்டுக் கேட்டாய். இரண்டு முறையும் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவற்றுக்கு அந்தப் பெயர்களை எழுதி மாட்டவில்லை, அவ்வளவுதான்.

இப்போது, "விசாலம்னு பேர் வச்சிருக்காளே, எனக்கு ஒரு மூலை இருக்காதா?" என்று அண்ணியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய்.

இருக்கிறது. வாடிக்கையாளர்கள் உட்கார வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன். சட்டைத் துணியோடு வா. அளவு நான்தான் எடுப்பேன்.

உன் தங்கை