பாட்டுக்குள் தெரிந்த தரை

அன்புள்ள அம்மாவுக்கு, வணங்கி எழுதுகிறேன். நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை அறையில் கூடத் தங்கியிருக்கிற எல்லோரும் பழைய பாட்டு வீடியோக்கள் பார்த்தோம். நீ பாத்திரம் கழுவும்போது பாடுகிற பாட்டும் வந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நாள் முழுக்கத் தரை துடைக்கிறவன் அல்லவா, கதாநாயகி ஓடிவந்த பளிங்குக் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னடா, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்க?” என்றார் அண்ணன்.

“ஈரத் தரைண்ணே, செருப்போட ஓடுறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு சின்ன வேலை. நீ பாத்திரம் கழுவும்போது பாடுவதை ஃபோனில் பதிவு செய்து அனுப்பும்படி தங்கச்சியிடம் சொல். இரண்டாவது அடி மறந்துபோய் “ம்ம்ம்” என்று இழுத்துச் சமாளிப்பாயே, அது அந்த வீடியோவில் இல்லை. குழாயை மூட வேண்டாம்.

வேலைக்குக் கூட்டிப்போகிற வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன் மகன்