பூட்டிய கிணறும் உன் கயிறும்

கடைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் உன் தாம்புக்கயிறு இன்று காலையிலிருந்து நாறுகிறது. கடல்காற்றில் ஈரம் ஏறினால் அது அப்படித்தான். பாசியும் தேங்காய் நாரும் கலந்த வாடை. ஜெராக்ஸ் எடுக்க வந்த வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாம்மா இது, எலி கிலி செத்துக் கெடக்குதா?" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இப்போது யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழத்தான் தோன்றுகிறது.

நீ இருந்திருந்தால், "ஏன்டி மொளகா, இன்னிக்கி யார கடிக்கப் போற?" என்று கேட்டிருப்பாய். சொல்கிறேன். முதலில் உன்னைத்தான்.

நூலகத்தில் வேலை கிடைத்ததும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கலாம் நீ. உனக்குத்தான் கால் தரையில் நிற்காதே. "ஆளுங்க உள்ள வர மாட்டேங்குறாங்க, அப்ப நாம வெளிய போவோம்டி" என்று ஞாயிற்றுக்கிழமை நடையை ஆரம்பித்தாய். பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, சிவன் கோயில் கல்வெட்டு, பக்கிங்காம் கால்வாய்க் கரை, உப்பு மூட்டை அடுக்கும் கொட்டகை என்று ஊரையே சுற்றி, கடைசியில் உப்பளங்களுக்கு நடுவே மணல்மேட்டில் இருக்கும் நல்லதண்ணிக் கிணற்றில் முடிப்பாய். அனுமந்தையில் மீன் விற்கிறவர்கள் வந்தார்கள், ஆரோவிலில் தோட்ட வேலை செய்கிறவர்கள் வந்தார்கள். பிறந்ததிலிருந்து இங்கேயே கிடந்த நான்கூட உன்னோடு நடந்துதான் ஊரைப் பார்த்தேன்.

அந்தக் கிணற்றுக்கு ஒரு முறை உண்டு. அங்கே வாளியும் கயிறும் நிரந்தரமாகக் கிடக்காது. வருகிறவர்கள்தான் கொண்டுவர வேண்டும். தான் இறைத்த தண்ணீரைத் தானே குடிக்கக் கூடாது, பின்னால் நிற்பவர் கையில் ஊற்ற வேண்டும். அப்புறம் அவர் இறைத்து அடுத்தவருக்கு. எந்தத் தெரு, என்ன சாதி என்று கேட்டுக்கொண்டு அங்கே ஒரு மடக்கு குடிக்க முடியாது. நீதான் எப்போதும் முதலில் இறைப்பாய். கடைசியில் நான் உனக்கு ஊற்றுவேன். உள்ளங்கை வழிய வழியக் குடித்துவிட்டு, வந்தவர்களிடம் சொல்வாய்: "இந்தக் கெணத்துக்குக் கதவும் இல்ல, காவலும் இல்ல. தாகத்தோட வர்றவங்கதான் இதுக்குச் சொந்தக்காரங்க."

இதை அந்த ஓட்டல்காரனிடமும் சொன்னாயே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஈசிஆர் ரோட்டில் புதிதாக ஓட்டல் கட்டியவன். கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, "மேடம், மேடம்" என்று குழைந்தபடி கூடவே நடந்தான். உன் பேச்சை முழுக்கப் போனில் பதிவு செய்தான். நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "அவன் மூஞ்சியே சரியில்லடி, எல்லாத்தையும் கொட்டாத" என்றேன். நீ கையை உதறிவிட்டு, "ஊரப் பத்திச் சொல்றதுக்குக்கூடப் பூட்டு சாவி போட்டு வெப்பியா நீ?" என்றாய்.

நான் போடவில்லை, அம்மணி. அவன் போட்டுவிட்டான்.

நீ படுக்கையில் விழுந்து, அப்புறம் போய்ச் சேர்ந்தும் விட்டாய். உன் காரியம் முடிவதற்குள் கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி, இரும்புக் கதவு, 'மரபுக் கிணறு' என்று பலகை. ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை திறப்பார்கள். சங்கிலியில் ஒரு பித்தளை வாளி, படம் எடுக்க. அளத்தில் உப்புக் கூடை சுமக்கும் சாந்தி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்தேன். உப்புநீரில் ஊறிய காலில் வெடிப்பு, வெடிப்பில் ரத்தம். முன்பெல்லாம் கரையேறியதும் அந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவினால்தான் காலில் எரிச்சல் அடங்கும். இப்போது பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வீட்டுத் தண்ணீர். வெயிலில் அதுவும் கொதிக்கிறது. தாலுகா ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். "அது பொதுக் கெணறுன்னு யாரும்மா சொன்னது?" என்றார் அங்கிருந்தவர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

யார் சொன்னது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன ஞாயிறு உன் கயிற்றையும் ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு போய் ஓட்டல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். வழிகாட்டி யார் தெரியுமா? அனுமந்தை சேகர். உன்னோடு நடந்து, அந்தக் கிணற்றில் உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவன். ஓட்டல் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, பூட்டின கதவுக்கு முன்னால் நின்று, எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தான்.

"இந்தக் கெணத்துக்குக் கதவும் இல்ல, காவலும் இல்ல. தாகத்தோட வர்றவங்கதான்..."

"நிறுத்துடா," என்றேன். "யாரு பேச்சுடா அது?"

அவன் முகம் வெளிறியது. "அக்கா, வேலைக்கா. விட்டுடுக்கா."

"கதவு இல்லேன்னு சொல்றியே, ஒன் முதுகுக்குப் பின்னால பூட்டு தொங்குதே, அது இன்னா? தாகத்தோட வர்றவங்க அதோ நிக்குறாங்க பார், தலைல சும்மாட்டோட. அவங்க மூஞ்சியப் பாத்து இன்னொரு தபா சொல்லு."

சாந்தியும் மற்றவர்களும் வரப்பு மேல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டலிலிருந்து வந்தவர்களில் ஒரு அம்மா, "ஏம்பா, இவங்க தண்ணி எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். சேகர் பையிலிருந்து சாவியை எடுத்தான்.

பித்தளை வாளியை நான் தொடவில்லை. உன் கயிற்றைப் போட்டு இறைத்துச் சாந்தி கையில் ஊற்றினேன். அவள் குடித்து, காலையும் கழுவிக்கொண்டு, இறைத்து அடுத்தவளுக்கு ஊற்றினாள். அளத்து ஆட்கள், ஓட்டல் ஆட்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். முறைப்படி முதலில் இறைத்தவளுக்குத்தான் கடைசி வாய். சேகர் இறைத்து என் முன்னால் வந்து நின்றான். நான் அவனை முறைத்தபடியேதான் குடித்தேன். தண்ணீர்மேல் எனக்கென்ன கோபம்.

மறுநாளே புதுப் பூட்டு. சேகருக்கு வேலை போய்விட்டது. நேற்றுக் கடைக்கு வந்து ஓரமாக நின்றான். "அக்கா, வர்ற ஞாயித்துக்கெழம நாமளே நடக்கலாமா? எங்க ஊர்லேர்ந்து ஆளுங்கள இட்டாரேன்" என்றான். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். "காலைலயே வந்து சேரு" என்று மட்டும் சொன்னேன்.

அதனால்தான் கயிற்றை எடுத்து வாசலில் காயப் போட்டிருக்கிறேன். சாந்தி அளத்து ஆட்களோடு வருகிறாள். வாத்தியாரும் வருகிறாராம். கதவு திறக்கிற வரை ஒவ்வொரு ஞாயிறும் அதன் முன்னால் போய் நிற்போம், நீ சொன்னதைக் கத்திச் சொல்வோம். பூட்டு போட்டவன்மேல் இருக்கிற கோபத்துக்கு என்றைக்காவது ஒரு முடிவு வரும்.

உன்மேல் இருப்பதற்கு வராது. முதலில் இறைக்க வேண்டியவள் நீ. என் கையால் வாங்கிக் குடிக்க வேண்டியவள் நீ. கயிற்றை என் தோளில் போட்டுவிட்டு எங்கேடி போனாய்?