தையல் பெட்டியிலிருந்த ரப்பர் குழாய்

தூத்துக்குடி
2 பிப்ரவரி 1976

அன்புள்ள ஜெயசெல்விக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். அங்கே நாசரேத்தில் நீயும் தம்பி தேவதாசன் குடும்பமும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன்.

ஜனவரியோடு துறைமுகத்தில் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். முப்பத்தோரு வருஷம் கப்பல் இழுக்கிற டக் போட் இன்ஜினோடு கிடந்தவனுக்கு ஒரு மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், ஆளுக்கு ரெண்டு மக்ரூன். இப்போது வீட்டில் நானும் தவக்களையும்தான். ஆமாம், மில் துரை சீமைக்குக் கப்பலேறும்போது எனக்கு விட்டுப்போன அதே ரெண்டு சீட்டுப் பச்சைக் கார், நம் கல்யாணத்தன்று உன்னை நாசரேத்திலிருந்து ஏற்றிவந்த அதே கார். எனக்கு வயசாகிவிட்டது, அது மட்டும் இன்னும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது.

இப்போது அதற்கு ஒரு சோதனை. புகை விடுகிறது, கன்னங்கரேலென்று. கடற்கரை ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தி நோட்டீஸ் கொடுத்துவிட்டார். வருகிற 21-ஆம் தேதி பாளையங்கோட்டையில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். அவர் சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிப்பாராம். தாள் கறுத்தால் ஆர்.சி. ரத்து. அப்புறம் தவக்களைக்குக் காயலான் கடைதான் கதி.

ரெண்டு கார்புரேட்டரையும் சமமாக வைக்க, காதில் வைத்துக் கேட்போமே அந்த ரப்பர் குழாய், அது உன் தையல் பெட்டியோடு அங்கே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இருந்தால் தபாலில் அனுப்பு. அது போதும்.

இப்படிக்கு,
தேவபிரசாதம்

---

நாசரேத்
8 பிப்ரவரி 1976

திரு. தேவபிரசாதம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்பது வருஷம் கழித்து மனைவியிடம் கேட்ட முதல் வார்த்தை ரப்பர் குழாய். நல்லது, சந்தோஷம்.

குழாய் இருந்தது, இத்துடன் வருகிறது. சோப்புப் போட்டுக் கழுவி, ஊதிப் பார்த்து, தையல் மெஷினில் வைத்துக் கேட்டும் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை. "கேட்போமே" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டது நான். நீங்கள் நட்டைத் திருப்பினீர்கள். ஒரு கார்புரேட்டர் வாயில் குழாயை வைத்தால் "ஸ்ஸ்" என்று வரும், அடுத்ததிலும் அதே சுருதியில் வர வேண்டும். மறந்திருந்தால் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

குழாயைக் கையில் எடுத்ததும் முத்துக்குளித்த வருஷம் ஞாபகம் வந்தது. சிப்பி ஏலம் பார்க்கப் போனோமே, அந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்த, நீங்கள் சிரித்துக்கொண்டே வண்டியை இன்னும் கிட்டத்தில் கொண்டு நிறுத்தினீர்கள். அன்று உங்களை அடித்தேன். அப்படி அடிக்க ஒரு உரிமை இருந்தது அப்போது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அறுபத்தேழில் அம்மா இறந்த தந்தி வந்த அன்று நீங்கள் இதே வண்டிக்குள் குனிந்திருந்தீர்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். தலையை ஆட்டினீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தனியாக நாசரேத்துக்குப் பஸ் ஏறினேன். அம்மாவை அடக்கம் பண்ணி முடிந்த பிறகு வந்து நின்றீர்கள்.

வண்டி தேறட்டும். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஜெயசெல்வி

---

தூத்துக்குடி
23 பிப்ரவரி 1976

அன்புள்ள ஜெயசெல்விக்கு,

தவக்களை பெயில். தாள் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு எட்டு பின்னால் போய், "என்னய்யா இது, காரா, ரயில் இன்ஜினா?" என்றார். சுற்றி நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். வண்டியின் வயசைச் சொல்லிக் கெஞ்சி ஒரு தவணை வாங்கியிருக்கிறேன். மார்ச் 13, அதுதான் கடைசி.

உன் குழாயில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஒரு சத்தமும் வரவில்லை. ரெண்டு நாள் வைத்து வைத்துப் பார்த்தேன்.

மெக்கானிக் மாசானம் வந்து பார்த்தான். ஓடுகிற இன்ஜின் நின்றுபோகிற மாதிரி குறைத்து வைத்துவிட்டுப் போகிறான். நான் சரியாக ஓடுகிற அளவுக்குக் கூட்டி வைக்கிறேன். மறுநாள் வந்து, "அண்ணாச்சி, நான் பெட்ரோலைக் கொறச்சு வச்சுட்டுப் போறேன், நீங்க திரும்பவும் கூட்டிப்புடுதியளே, ஏன்?" என்று சண்டைக்கு நிற்கிறான். அவனுக்கு என்ன தெரியும், நேற்றுப் பிறந்த பயல்.

ஊரில் வேறு விசேஷம் இல்லை. கோயில் மணியை இப்போதெல்லாம் அடிப்பதில்லை போலிருக்கிறது. போன ஞாயிறு ஆராதனைக்குப் பாதியில்தான் போய்ச் சேர்ந்தேன்.

அம்மா விஷயமாக நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன்.

தேவபிரசாதம்

---

நாசரேத்
26 பிப்ரவரி 1976

குழாயில் ஓட்டை இல்லை.

கோயில் மணி தினமும் அடிக்கிறது. உங்கள் அடுத்த தெரு ஆக்னஸ் அக்காள் எனக்கு மாதாமாதம் எழுதுகிறார்கள். புது மணி, பழையதைவிடச் சத்தம் கூடுதலாம், காலையில் தூங்க முடியவில்லை என்று குறைபடுகிறார்கள்.

மாசானம் சரியாகத்தான் வைத்திருக்கிறான். இன்ஜின் சத்தம் உங்களுக்குக் கேட்கிற வரைக்கும் நீங்கள் பெட்ரோலைக் கூட்டுகிறீர்கள். அதுதான் புகை.

எந்தக் காது? எப்போதிலிருந்து? உண்மையை எழுதுங்கள்.

ஜெ.

---

தூத்துக்குடி
1 மார்ச் 1976

என் ஜெயா,

ரெண்டும்தான். வலது காது அறுபத்து நாலிலேயே போய்விட்டது. இடது கொஞ்சம் கொஞ்சமாக. டக் போட்டில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்றால் வேறென்ன ஆகும்? வருஷா வருஷம் டாக்டர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். தெரிந்திருந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாட்டு டீச்சர் நீ. உன் பாட்டு எனக்குக் கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? நீ பாடும்போது தாளம் போடுகிற மாதிரி விரலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெட்கக்கேடு.

அன்றைக்கு நீ பின்னால் வந்து நின்றதே எனக்குத் தெரியாது ஜெயா. நான் தலையை ஆட்டியது இன்ஜினுக்கு. சாயங்காலம் மேஜை மேல் தந்தியைப் பார்த்துத்தான் அடித்துப் பிடித்துப் புறப்பட்டேன். கல்லறையில் உன் தம்பி என் முகத்துக்கு நேரே நின்று, "அக்கா சொல்லியும் வராத மனுசன் இப்ப எதுக்கு வாராரு?" என்று கத்தினபோதுதான் நீ என்னிடம் சொன்னாய் என்பதே தெரியும். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தேன். பிறகு வருஷம் ஏற ஏறச் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

தவக்களை போனால் போகட்டும். உனக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு அது போதும்.

உன்,
தேவபிரசாதம்

---

நாசரேத்
5 மார்ச் 1976

அத்தான்,

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு உங்களை என்ன செய்தாலும் தகும். ஒன்பது வருஷம்! ஒரு தாள், ஒரு பேனா, காது கேட்கவில்லை என்று ஒரு வரி. டாக்டருக்குப் பயந்தீர்கள், சரி. நான் என்ன டாக்டரா? தூத்துக்குடி பஸ் இந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்றிருக்கிறேன். அது தெரியுமா உங்களுக்கு?

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தேவதாசனிடம் சொன்னேன். அவன், "அத்தான் வண்டி ஓட்டுதாரே, ஹாரன் கேக்குமாக்கா?" என்றான். எனக்கும் அதே பயம்தான். இனி நான் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பின்னால் ஹாரன் அடித்தால் தொடையில் தட்டுவேன்.

வியாழக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன், மூன்று நாள் லீவில். அதுவரைக்கும் அந்த நட்டில் கை வைக்காதீர்கள். மாசானத்தை இருக்கச் சொல்லுங்கள். அவன் திருப்பட்டும், நான் கேட்கிறேன். நீங்கள் சும்மா நின்றால் போதும்.

வண்டிக்காகத்தான் வருகிறேன்.

ஜெயசெல்வி

---

தூத்துக்குடி
14 மார்ச் 1976, ஞாயிறு காலை

அத்தான்,

நீங்கள் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். கதவைத் தட்டிச் சொன்னால் கேட்கப்போவதில்லை. அதனால் எழுதி ஸ்டியரிங்கில் செருகி வைக்கிறேன். இனி இந்த வீட்டில் இப்படித்தான்.

தாளைத் திருப்பிப் பாருங்கள். நேற்று இன்ஸ்பெக்டர் சைலன்சரில் பிடித்த அதே தாள். ஒரு மூலையில் மட்டும் லேசாகச் சாம்பல். "பரவாயில்லம்மா, அடுப்பங்கரைப் புகைகூட இதைவிடக் கூடுதல்" என்று கையில் கொடுத்தாரே, நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். மாசானம் நட்டைத் திருப்பத் திருப்ப, ரெண்டு பக்கமும் ஒரே சுருதிக்கு வந்து நின்றபோது நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு எப்படிக் கேட்டது என்று அதில் தெரிந்திருக்கும்.

லீவு இன்றோடு முடிகிறது. இன்னும் ஒரு மாதத்துக்கு லீவு கேட்டு எழுதி, அந்தக் கவரை உங்கள் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தபாலில் போடுங்கள். அதற்குப் பிறகு இங்கே ஏதாவது பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்கலாம்.

ஆராதனை முடிந்ததும் ஒரு கல்லறைக்குப் போக வேண்டும். அறுபத்தேழில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னதை இப்போது எழுதுகிறேன்:

அம்மா போய்விட்டார்கள் அத்தான். என்னை நாசரேத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள்,
ஜெயா