வேலுக்கு மேல் வாழைப்பழம்

தைப்பூசத்துக்கு மறுநாள், புதன். மண்டையைப் பிளக்கும் வெயில்.
அண்ணன் காவடி எடுத்ததை, எல்லாரும் பார்க்கட்டும் என்று நேற்றிரவே வீடியோவாகப் போட்டேன். தண்ணீர்மலைக் கோயில் படி, கன்னத்தில் அலகு. எழுந்து பார்த்தால் வீடியோ காணோம்; ஆப் போட்ட அறிவிப்புதான்: “தன்னைத்தானே காயப்படுத்தும் காட்சி. உதவி வேண்டுமா? யாரிடமாவது பேசுங்கள்.”
பேசத்தானே போட்டேன், மூதேவி!
அதே ஆப் எனக்குக் காட்டும் அடுத்த வீடியோ: குத்துச்சண்டை, ஒருவன் பல் பறக்கிறது. அது பரவாயில்லையாம்.
அண்ணனுக்கு வேல். எனக்கு முறையீட்டு வேலை.

வியாழன். அதே வெயில்.
முறையீடு அனுப்பினேன். அடுப்பில் மீ நூடுல்ஸ் வேகுமுன் பதில்: “மறுபடி பார்த்தோம். நீக்கியது சரியே.” பார்த்தது யார்? மனிதனா, மிஷினா? கேட்க இடமில்லை. ‘சரி’ என்று ஒரே பொத்தான். சரியில்லை என்பதற்குப் பொத்தான் கிடையாது.
அம்மா: “குடும்ப குரூப்ல போட்டாச்சுல்ல? போதும் லா.”
போதாது. நடுரோட்டில் ஊரே பார்க்க எடுத்த காவடி. ஃபோனில் மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு?

வெள்ளி. மப்பு.
ஐடியா! கன்னத்து வேலின் மேல் வாழைப்பழப் படம் ஒட்டி மறைத்துப் போட்டேன். மிஷினுக்கு ஒரே குஷி. தலையில் தூக்கி வைத்து ஊரெல்லாம் காட்டுகிறது. “அண்ணே, ஒரு சீப்பு எவ்ளோ?” என்று கமெண்ட். லைக் குவிகிறது. நான் ஜீனியஸ்.

சனி. புழுக்கம்.
ஜீனியஸ் இல்லை.
அண்ணன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியிலிருந்து வந்தார். பையைக்கூட இறக்கவில்லை.
“பஸ்ல ஏறுனா என்னை வாழப்பழ பஜ்ஜியாக்கி ‘பீசாங் கோரெங் வந்தாச்சு’ங்கிறானுங்க. அம்மா ஆப்பரேஷன்ல பொழச்சதுக்கு எடுத்த காவடிடா!”
“பழம் வெச்சாதாண்ணே மிஷின் விடுது.”
“விடலன்னா போகட்டும் லா. ஏன்டா சிரிக்க வெச்ச?”
வாழைப்பழ வீடியோவை நானே அழித்தேன்.

ஞாயிறு. மழை.
பழம் இல்லாமல், வேலோடு, பழையபடியே போட்டேன். கீழே ஒரே வரி: அம்மா பிழைத்ததற்கு. இன்னொரு தடவை என்றால் கணக்கையே மூடுவோம் என்று எச்சரிக்கை வந்ததுதான். மூடட்டும்.
மதியம் மூடிவிட்டார்கள். என் சேட்டை வீடியோ அத்தனையும் காலி.
அண்ணன் எட்டிப் பார்த்தார். “போச்சா?”
“போச்சுண்ணே.”
“யாராச்சும் பாத்தாங்களா?”
“ஒருத்தங்க. யாரோ சீன ஆன்ட்டி. தைப்பூசத்தன்னிக்கு அவங்களும் ரோட்டுல தேங்கா ஒடச்சாங்களாம். அம்மா இப்ப நல்லா இருக்காங்களான்னு கேட்டாங்க. பதில் போடுறதுக்குள்ள மூடிட்டான்.”