பருத்திப் பிரபுவின் தேர்தல்

5 பெப்ரவரி 2007

வட்டாரச் சபையிலிருந்து கடிதம். எங்கள் நிலக்கீழ்த் தையற்கூடத்தைக் களஞ்சிய அறையாக்கப் போகிறார்களாம். செப்டெம்பரில் தெரிவாகும் புதுச் சபை நவம்பரில் முடிவெடுக்கும். நாலு மெஷின், ஐந்து பெண்கள், முதியோர் இல்லங்களுக்குத் தலையணை உறை. ஐரோப்பாவின் பருத்தித் தொழிலே இந்த நாலு மெஷினில்தான் நிற்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

"இனி எங்கை தம்பி போறது?" என்று மூத்த தையற்காரி கனகம்மா அக்கா கேட்டா.

"நாங்கள் ஏன் போவான்? அவையள் போகட்டும்."

சொல்லிவிட்டேன். இனிச் செய்ய வேண்டும்.

8 பெப்ரவரி

நூலகத்தில் ஒரு புத்தகம். மான்செஸ்டர்ப் பக்கத்துப் பருத்தி ஆலைக்காரன் ஒருவன் பாராளுமன்றம் போய், கடைசியில் பிரபுவாகி, பிரபுக்கள் சபையில் கால்மேல் கால் போட்டிருக்கிறான். அவனுக்கு எண்ணூறு தறி, எனக்கு நாலு மெஷின். வித்தியாசம் எண்ணிக்கையில் மட்டும். நோர்வேயில் பிரபுப் பட்டத்தை 1821இலேயே ஒழித்துவிட்டார்களாம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். பரவாயில்லை, நடுப்படியான சபை வரையாவது ஏறுவேன்.

20 பெப்ரவரி

கட்சிச் செயலாளர் ஷெல் என்னைப் பட்டியலில் போட்டுவிட்டார். ஆகக் கடைசி, பதினைந்தாம் இடம். "வெல்ல வேண்டியதில்லை, பட்டியலுக்கு ஒரு நிறம்" என்று சிரித்தார். நிறமாம். வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் X என்று புள்ளடி போட்டால் கடைசி ஆளும் மேலே வரலாம் என்பதை ஷெல் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

2 ஏப்ரல்

ஷெல்லிடமிருந்து நாலு பக்கக் கடிதம், பட்டியல் பற்றி. பிரபுக்கள் நாலு பக்கம் வாசிப்பதில்லை. மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

19 ஓகஸ்ட்

மனைவி புஷ்பராணி தொலைபேசியோடு இருக்கிறா. வெஸ்ட்லியிலிருந்து லில்லெஸ்ட்ரோம் வரை அவவுக்குத் தெரியாத தமிழ் வீடு இல்லை. எங்கள் வட்டாரத்து வீடுகளுக்கு மட்டும் எடுக்கச் சொன்னேன். எல்லாரிடமும் ஒரே வசனம்: "எங்கடை இவர் நிக்கிறார். பட்டியல்லை ஆகக் கடைசிப் பேருக்குப் புள்ளடி போடுங்கோ."

"யோகராசா எண்டு என்ரை பேரைச் சொல்லுமன்" என்றேன்.

"கட்டி இருவத்தெட்டு வரியமா வாயாலை சொல்லாத பேரை, ரெலிபோனிலை ஏலம் போடச் சொல்லுறியளோ?"

மற்றவர்களும் 'பருத்தி மாமா' என்றால்தான் அறிவார்கள். கடைசிப் பெயர் என்பதே போதும். ஊர்வலத்தில் ராசா கடைசியில்தான் வருவான்.

10 செப்டெம்பர்

வாக்களித்தேன். என் பெயரைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அச்சகத்தின் பெயராக இருக்கும்.

13 செப்டெம்பர்

அச்சகத்தின் பெயரில்லை.

கட்சியில் ஒரு வழக்கமாம்: பட்டியலின் கடைசி இடத்தை மூத்த ஒருவருக்கு மரியாதையாகக் கொடுப்பார்கள். எனக்குப் பிறகு சூல்வெய் என்ற எழுபத்தொன்பது வயது அம்மாவைச் சேர்த்திருக்கிறார்கள். லாச்சிக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அவவுக்கு 187 புள்ளடி. எனக்கு ஒன்பது, அதிலொன்று என்னுடையது. அவ தெரிவாகிவிட்டா.

"வெள்ளைக்காரப் பேரைக் கண்டும் ஏன் பிள்ளை போட்டனீர்?" என்று தையற்கூடத்து இந்திராவைக் கேட்டேன்.

"சிற்றிசன் எடுக்கேக்கை பேரை மாத்தியிட்டியளாக்கும் எண்டு நினைச்சன், மாமா."

பொம்பிளைப் பேராகவா மாற்றுவேன்? கேட்கவில்லை. செய்தி வந்ததிலிருந்து புஷ்பராணி என் முகத்தைப் பார்க்கிறா இல்லை. பிழை என்னுடையது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

15 செப்டெம்பர்

ஷெல் சொன்னார்: சூல்வெய் விலகப் போகிறா, அந்த இடம் வேறொருவருக்கு, எனக்கில்லை. அந்த வேறொருவர் களஞ்சியப் பக்கம். விடுவேனா? சூல்வெய் இருக்கும் ஒன்பதாம் மாடிக்கு ஏறினேன்.

"என்னைத் தெரியாத நூற்றெண்பத்தேழு பேர் எதற்காக எனக்குப் போட்டார்கள்?" என்று கேட்டா.

உங்கள் புகழ் யாழ்ப்பாணம் வரை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உண்மை வந்து விழுந்தது. அவ சிரிக்கவில்லை.

"நான் மரியாதைக்கு நின்றவள்."

"நான் நிறத்துக்கு நின்றவன். இரண்டு பேரும் பொம்மைதான் என்று ஷெல் நினைக்கிறார். அது சரியென்றால் விலகுங்கள்."

எழும்பிக் கலண்டரைப் பார்த்தா. "நாளைக்கு அந்தத் தையற்கூடத்தைக் காட்டு. வாக்குத் தருவதாகச் சொல்லவில்லை."

16 செப்டெம்பர்

வந்தா. தலையணை உறையைத் திருப்பித் தையலைப் பார்த்தா. பின்கதவைத் தள்ளினா, திறக்கவில்லை. துணிக் கட்டு மறித்திருந்தது.

"நெருப்புப் பிடித்தால் இந்தப் பெண்கள் எதால் போவார்கள்?"

உலகத்தில் எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். குனிந்து முதல் கட்டை நானே தூக்கினேன். ஐந்து பெண்களும் என்னைப் பார்த்தார்கள். இருட்ட முன்னம் அந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்கினோம்.

சூல்வெய் விலகவில்லை.

22 நவம்பர்

கூட்டம். பார்வையாளர் வாங்கிலிருந்து எழும்பிப் பேசினேன். தலைவர் இருக்கச் சொன்னார். பேசுவதை நிறுத்தினேன், இருக்கவில்லை. வாக்கெடுப்பு முடியுமட்டும் தனியொருவனாக நின்றேன். கால் உளைவு இன்னும் போகவில்லை.

எட்டுக்கு ஏழு, கூடம் எங்களுக்கே. எட்டாவது கை சூல்வெய்யுடையது.

23 நவம்பர்

வெள்ளைப் பருத்தி பன்னிரண்டு கட்டுக்குச் சொல்லியாயிற்று, தை மாதத் தையலுக்கு. எங்கே அடுக்குவது என்று புஷ்பராணி சோக்கட்டியால் நிலத்தில் கோடு கீறுகிறா. பின்கதவுப் பக்கம் ஒன்றும் வைக்கக்கூடாதாம், எனக்குக் கட்டளை.