இடது நாற்காலிக்குத் தெரியாத நிறம்

ஏப்ரல் 1, 2018, ஞாயிறு

வெயில். காற்றே இல்லை. இன்று குழாயில் தண்ணீர் விடவேண்டிய நாள். விடவில்லை. கேட்டால் அணையில் தண்ணீர் இல்லையாம்.

நண்பன் மண்டலிடம் கம்ப்யூட்டர் கார் பந்தயத்தில் மறுபடியும் தோல்வி. தோற்றது நான் இல்லை, மானிட்டர். வளைவில் காரைத் திருப்பினால் ரோடு, வேலி, மரம் எல்லாம் இழுபட்டுக் கஞ்சியாகிறது. எங்கே பிரேக் பிடிப்பது?

“அவருக்கும் அதே திரைதானே?” என்கிறாள் வீட்டுக்காரி புஷ்பம். திரையைப் பாதியாகப் பிரித்துத்தான் ஆடுகிறோம், உண்மைதான். ஆனால் மண்டல் பார்த்து ஓட்டுகிறவன் இல்லை. சுவரில் மோதி மோதியே முன்னால் போகிறவன். அவனுக்கு மங்கலானால் என்ன, தெளிவானால் என்ன.

புது மானிட்டர் வாங்குவது என்று முடிவு. அசையும்போது மங்கக் கூடாது, நிறமும் நன்றாக இருக்க வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்கு முன் பல வருஷம் எல்லாவற்றையும் பழுப்பாகவே பார்த்தாகிவிட்டது. போதும்.

கிளம்பும்போது மண்டல் சொன்னது: கொல்கத்தாவிலிருந்து மகன் மறுபடியும் போன். அம்மாவும் போய்விட்டாள், முழங்காலும் சரியில்லை, தனியாக இருக்காதே, இங்கே வந்துவிடு என்கிறானாம்.

“நீ என்ன சொன்னாய்?”

“தேக்தா ஹூன் போலா.”

பார்க்கிறேன் என்றானாம். என்னத்தைப் பார்ப்பது? சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவில் தரை ஆடிக்கொண்டே இருந்ததே, அப்போதும் இந்த மகன் கூப்பிட்டான். போகவில்லை. கடலுக்குப் பயப்படாதவன் முழங்காலுக்குப் பயப்படுகிறானாம்.

ஏப்ரல் 3, செவ்வாய்

காலை: ரேஷன். மண்ணெண்ணெய் இல்லை.
பிறகு: அபர்தீன் பஜார், கம்ப்யூட்டர் கடை.

கடைக்காரன் மலையாளி, நாற்பது வயது இருக்கும். கேமிங் மானிட்டர் என்றேன். “பேரனுக்கா அங்கிள்?” எனக்கு என்றேன். சிரித்தான். “அங்கிளுக்கு எதுக்கு? ஒரு டிவி லேலோ. சீரியல் பார்க்கலாம், ஆன்ட்டியும் குஷ்.”

சீரியல் பார்க்கிற மூஞ்சியா இது?

காட்சிக்கு ஒரே ஒரு கேமிங் மானிட்டர். அதில் மீன் படம் ஓடுகிறது. மீன் மெதுவாக நீந்துகிறது. இதில் என்ன மங்கல் தெரியும்? என் பென் டிரைவைக் கொடுத்து, என் பந்தயப் பதிவைப் போடச் சொன்னேன். வைரஸ் வரும் என்றான். வைரஸ் உன் மீனில் இருக்கிறது என்றேன். போட்டான்.

பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது. வளைவில் வேலியின் கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஹேடோ துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டிய காலத்தில் சரக்கு ஆடி வருவதை இப்படித்தான் பார்ப்பேன்.

பிறகு இரண்டடி இடது பக்கம் நகர்ந்தேன். எல்லாம் வெளுத்துவிட்டது. சிவப்புக் கார் செங்கல் நிறம், வானம் சாம்பல்.

“இது டி.என். பேனல் அங்கிள். நேரா உக்காரணும். ஒரு ஆளுக்குள்ள சாதனம்.”

வாங்கவில்லை. அவன் சிரித்த சிரிப்புக்கு அவனிடம் வாங்கமாட்டேன்.

ஏப்ரல் 5, வியாழன்

இன்டர்நெட் நத்தை. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. இருந்தாலும் படித்து முடித்தாயிற்று. எனக்குக் கம்ப்யூட்டரை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, இதையும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

டி.என். — வேகம். மங்கல் கிட்டத்தட்ட இல்லை. நிறம் சுமார். பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுப்பு.
ஐ.பி.எஸ். — நிறம் அருமை. எந்தப் பக்கமிருந்தும் ஒன்றுபோலத் தெரியும். வளைவில் கொஞ்சம் இழுக்கும்.
வி.ஏ. — இருட்டுக் காட்சியில் கரி பூசியதுபோல் இழுக்குமாம். வேண்டாம்.

இரண்டும் சேர்ந்த மானிட்டர் என் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. செய்கிறவனுக்கு என்ன கேடு?

ஆன்லைனில் நம் பின்கோடு போட்டால் இங்கே அனுப்பமாட்டார்களாம். நாம் இந்தியாவில் இல்லையோ? தங்கை மகன் சரவணன் சென்னையிலிருந்து கப்பலில் வருகிறான். அவன் வாங்கி, லக்கேஜோடு லக்கேஜாகக் கொண்டுவர வேண்டும். வந்தது வந்ததுதான். பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்ப வழி கிடையாது.

சரவணன் போனில்: “மாமா, திங்கக்கிழமை செய்லிங். நாளைக்குள்ள சொல்லிடுங்க. உங்களுக்குக் கலரா வேகமா? ரெண்டுல ஒண்ணைப் புடிங்க.”

மண்டலிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் உட்காருவது இடது நாற்காலி. மேஜை சுவரை ஒட்டி, வலது பக்கம் கட்டில், வேறு இடமில்லை. டி.என். வாங்கினால் அவனுக்கு வெளுப்புதான் தெரியும். ஐ.பி.எஸ். என்றால் இருவருக்கும் சரி.

“தாதா, ஜோ ஆப்கோ டீக் லகே.” அண்ணா, உனக்கு எது சரியோ அது என்கிறான். தனக்கு எது வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லமாட்டான். மகன் விஷயம் கேட்டேன். அதற்கும் அதே புன்னகை. இருக்கிறானா, போகிறானா? அதைச் சொல்லிவிட்டால் நான் மானிட்டர் வாங்கிவிட்டுப் போகிறேன்.

ஏப்ரல் 6, வெள்ளி

மாலை மண்டல் வந்தான். கையில் மகன் அனுப்பிய முழங்கால் பட்டை. மாட்டிக் காட்டினான். கொல்கத்தாவில் மகன் வீட்டுக்கு லிஃப்ட் இருக்கிறதாம். பக்கத்திலேயே ஆஸ்பத்திரியாம். மீன் அங்கே இன்னும் நன்றாக இருக்குமாம். தீவில் பிறந்து வளர்ந்தவன் சொல்கிறான், கொல்கத்தாவில் மீன் நன்றாக இருக்குமாம்!

அவன் எதிரிலேயே சரவணனுக்குப் போன் போட்டேன். “டி.என். வாங்கு. வேகம்தான் வேண்டும்” என்றேன். மண்டலுக்குத் தமிழ் புரியும். துறைமுக வார்ஃபில் முப்பது வருஷம் தமிழ்க் கூலிகளோடு சரக்கு எண்ணியவன்.

“டி.என்.?” என்றான்.

“ஆமாம்.”

“அச்சா.” டீயைக் குடித்து முடித்தான். கழற்றிய பட்டையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 9, திங்கள்

மேகம். மழை இல்லை. தண்ணீர் வந்தது, கலங்கல்.

சந்தையிலிருந்து வந்த புஷ்பம் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “மண்டல் அண்ணன் டிக்கெட் போட்டுட்டாரு. சரவணன் வர்ற கப்பல் அப்படியே கொல்கத்தாதான் போகுதாம். அதுல போறாரு.”

போகட்டும் என்றேன்.

“போகட்டுமா? அந்த மனுசன் மகனுக்கு ஒரு மாசமா பதில் சொல்லாம இருந்தது எதுக்கு? நீங்க ‘இரு’ன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க? இனிமே ஒத்தை ஆளுக்குத்தான் பொட்டின்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டீங்க.”

நான் சொன்னது பேனல் வகை.

“ஆமா, பேனலு!”

இருபது வருஷமாகத் தினமும் வருகிறவனுக்கு ‘இரு’ என்று வேறு சொல்ல வேண்டுமா? வராதே என்று என்றைக்காவது சொன்னேனா? அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குற்றம் மட்டும் என்மேலாம்.

சரவணனுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. கப்பல் கிளம்பிவிட்டது, நடுக்கடலில் ஏது சிக்னல்? மறுபடியும் போட்டேன். வேறு விஷயமாகத்தான்.

ஏப்ரல் 12, வியாழன்

ஹேடோவுக்கு ஆட்டோவில் போனேன். கப்பலின் கீழ்த்தட்டு பங்க் க்ளாஸில் வந்த சரவணன் வாந்தியெடுத்து நாறிப்போய் நிற்கிறான். பெட்டியின்மேல் மட்டும் ஒரு கீறல் இல்லை. “மாமா, இத மடியிலயே வச்சுக்கிட்டுத் தூங்கினேன். பக்கத்து பங்க்காரன் பொண்டாட்டியான்னு கேட்டான்.”

மாட்டினேன். நேரே உட்கார்ந்தால் குறையே இல்லை. தனியாக ஓட்டினேன். வளைவில் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. கம்ப்யூட்டர் ஓட்டும் கார்களை எல்லாம் ஜெயித்தேன். எரிச்சலாக இருந்தது. அவை சுவரில் மோதுவதும் இல்லை, பக்கத்திலிருந்து கத்துவதும் இல்லை.

இடது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கடையில் பார்த்ததைவிட மோசம்.

மண்டல் ஆறு நாளாக வரவில்லை. நானும் போகவில்லை.

ஏப்ரல் 14, சனி

நம் வருஷப்பிறப்பு. வெயில். புஷ்பம் பாயசத்தை ஒரு டப்பாவில் ஊற்றி, கூடவே முழங்கால் பட்டையையும் வைத்து என் கையில் கொடுத்தாள். “நான் போகமாட்டேன். நீங்க போங்க.”

போனேன். மூட்டை கட்டி முடித்து, வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்தான். நாளைக் காலை கப்பல். நாளைதான் அவர்கள் வங்காள வருஷப்பிறப்பு. நாள் பார்த்துத்தான் கிளம்புகிறான்.

“மானிட்டர் வந்துவிட்டது” என்றேன்.

“சுனா.” கேள்விப்பட்டானாம்.

“வந்து ஆடு.”

வந்தான். படியேற என் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் வருவதற்கு முன்பே மானிட்டரை இடது நாற்காலிக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தேன். “டேடா க்யூன் ஹை?” ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டான். மேஜை கோணல் என்றேன்.

ஆடினோம். அவனுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கும். “அரே வா! க்யா கலர் ஹை!” என்று கத்திக்கொண்டே சுவரில் மோதினான். எனக்குத் தெரிந்தது சாம்பல் ரோடு, சாம்பல் கார். வளைவு எங்கே வருகிறது என்றே தெரியவில்லை. பள்ளத்தில் விழுந்தேன். தோற்றேன்.

இருந்துவிடேன் என்று கேட்டுவிடலாம் என்றிருந்தது. மூட்டை கட்டியாகிவிட்டது, மகனுக்குச் சொல்லியாகிவிட்டது, முழங்கால் என்னால் சரியாகப் போவதில்லை. கேட்டு என்ன?

“ஏக் அவுர், தாதா?” இன்னொரு ஆட்டம் கேட்டான்.

முடியாது என்றேன்.

“ஒண்ணே ஒண்ணு.”

முடியாது. வேண்டுமென்றால் திரும்பி வந்து ஆடு.

என்னையே பார்த்தான். அந்தப் புன்னகை இல்லை. “யே பாத் பெஹலே போல்னா தா நா” என்றான். இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்கிறான்.

நீ கேட்டாயா என்றேன்.